பீலித் தண்ணீருக்குக் கை தூக்கினோம்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். பிறகு எவ்வளவு அழுதாலும் தூக்கிய கை தூக்கியதுதான்.

இந்தியா குடியரசு ஆன வருஷம் அது. நாங்கள் இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். கூலிகள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் வரிசையாக இருபத்துநான்கு காம்பராக்கள், ஒற்றை அறைதான், காம்பராவுக்கு ஒரு குடும்பம். என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கும் ஆலையில், வேலை. அங்கே கிளாக்கர் ஐயா படித்துவிட்டுப் போடும் பத்திரிகையை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். கேட்க ஆளில்லாவிட்டாலும் வாசிப்பார். கோழிகளுக்காவது உலக விஷயம் தெரியட்டும் என்று நான் கேலி செய்வேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்திருந்தார்கள். வாக்கும் போனது. அதற்கு முந்திய தேர்தலில் இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று வாக்குப் போட்டவள் நான். எனக்கு ஆத்திரம் அடங்கவேயில்லை.

“இதுக்குப் பேரு ஜனநாயகமாங்க?” என்று அவரிடம் சண்டை பிடித்தேன், அவர்தான் சட்டம் போட்டவர் மாதிரி.

“ஜனநாயகந்தான் புள்ள. சபையில கை தூக்கித்தானே போட்டாங்க. அவங்க பக்கம் கை கூடிருச்சு.”

“அப்ப இந்தியாவுல சொல்றாங்களே குடியரசு, அது வேறயா?”

“ராசா கெடையாது, அது ஒண்ணு. இன்னொண்ணு, அங்க ஒரு பொஸ்தகம் எழுதி வச்சிருக்காங்களாம். எத்தன பேரு கை தூக்குனாலும் இன்னின்னத ஒரு ஆளுகிட்ட இருந்து பறிக்கக் கூடாதுன்னு. பறிச்சா கோர்ட்டுக்குப் போகலாமாம்.”

அந்தப் புத்தகப்படி அங்கே எல்லாம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று எழுதி வைக்கலாம் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயமாக இருந்தது. நம்மிடம் இல்லையே என்று வயிறு எரிந்தது.

அந்த வருஷம் பனிக்காலம் முடிந்தும் மழையைக் காணோம். மலை ஊற்றிலிருந்து தகரத் தூம்பு வழியே வந்து விழும் பீலித் தண்ணீர்தான் லயம் முழுவதற்கும். அது நூலாகிவிட்டது. ஒரு குடம் நிறைய நேரம் பிடிக்கும். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதற்குள் போய் நிற்காவிட்டால் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைய பேர் போய்விடும், கூலியும் போய்விடும். அதனால் பீலியடியில் குடங்களோடு பெண்களும் இடித்துக்கொண்டோம்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் ஞாயிறன்று மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். கெட்ட மனிதர் இல்லை. “பழைய ஆளுங்க மொதல்ல புடிக்கட்டும். புதுசா வந்தவங்க கடைசியா புடிக்கட்டும். சரிங்கறவங்க கை தூக்குங்க” என்றார்.

புதிதாக வந்தவர்கள் என்று பன்மையில் சொன்னார். லயத்தில் புதிதாக வந்தது ஒரே ஒருத்தி. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கடைசிக் காம்பராவில் இருந்தாள். கடைசிக் குடம் என்றால் அவளால் நேரத்துக்குப் பெரட்டுக்குப் போக முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். கை தூக்கினேன்.

எங்களுக்குச் சங்கக் கூட்டங்களில் பழகிய பழக்கம் ஒன்று உண்டு. தலைவர் “கை தூக்குங்க” என்று வாய் மூடுவதற்குள் தூக்கிவிடுவோம். என்ன ஏதென்று பிறகு பக்கத்து ஆளைக் கேட்டுக்கொள்வோம். பின்வரிசையில் சின்னவனை மடியில் போட்டுக்கொண்டிருந்த அவளும் தூக்கினாள். யாரோ சிரித்தார்கள். “ஏகமனதா முடிவாச்சு” என்றார் தலைவர்.

திரும்பி வரும்போது, “நீ ஏன் புள்ள தூக்குன?” என்று அவள் மேல் பாய்ந்தேன்.

“எல்லாரும் தூக்குனாங்களேக்கா.”

என்னைத் திட்டிக்கொள்வதைவிட அவளைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

நான் பயந்தபடியே நடந்தது. குடம் நிறைந்து, கஞ்சி காய்ச்சி, பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் புள்ளக் காம்பராவில் விட்டுவிட்டு அவள் ஓடி வருவதற்குள் பேர் கூப்பிட்டு முடிந்திருக்கும். முதல் வாரம் ஒரு நாள் திரும்பினாள். அடுத்த வாரம் மூன்று நாள். ஒரு காலையில் என் முறையை அவளுக்கு விட்டுக்கொடுக்கப் பார்த்தேன். பின்னால் நின்றவள் குடத்தைக் குறுக்கே வைத்து, “கூட்டத்துல முடிவானத நீங்க ஒராளு மாத்துவீங்களோ?” என்றாள். என் முறைக்கு நானே பிடித்துக்கொண்டு வந்தேன்.

தலைவரிடம் போனேன். “நானா முடிவு பண்ணுனேன்? ஒங்க கையுந்தானே மேல இருந்துச்சு. ஊரோட ஒத்துப் போகணும் தங்கச்சி” என்றார். கணக்கப்பிள்ளை, பீலி தன் வேலையில்லை என்றார். என் வீட்டுக்காரர் துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். லயத்துச் சண்டையை ஆபீசுக்குக் கொண்டுவரக் கூடாது என்று பதில் வந்தது. கோர்ட்டுக்கு எங்கே போவது? வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பார்கள். எங்கள் லயத்தில் வல்லான் ஒருவனும் இல்லை, அத்தனை பேரும் கூலிகள்தான். நாங்களும் வகுத்துவிட்டோம்.

எங்கள் வாக்கைப் பறிக்கச் சபையில் கை தூக்கியவர்களை அதுவரை எத்தனை சாபம் விட்டிருப்பேன்! அவர்களும் வீட்டில் பிள்ளை குட்டி உள்ளவர்கள்தானே என்று அந்த நாட்களில் தோன்றும். தோன்றியதும் அருவருப்பாக இருக்கும், அவர்கள் மேலா என் மேலா என்று தெரியாமல்.

பிறகு மழை வந்தது. பீலி கொட்டு கொட்டென்று கொட்டியது. அப்போதும் அவள் எல்லோரும் பிடித்து முடியும்வரை குடத்தோடு ஓரமாக நின்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. முடிவை மாற்ற இன்னொரு கூட்டம் யாரும் போடவுமில்லை. “வா புள்ள, புடி” என்று இழுத்தேன். “வேணாங்கக்கா, கூட்டத்துல சொன்னாங்கள்ல” என்றாள்.

மாதம் முடிந்ததும், ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை என்று அவளுக்குப் பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டு கைக்கு வந்தால் வேலையும் போச்சு, காம்பராவும் போச்சு. நானுஓயாவில் ஒரு சித்தி இருக்கிறாளாம், அங்கே போகிறேன் என்றாள்.

வட்டகொடை ஸ்டேஷன் வரைக்கும் அவளுடைய தகரப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். செய்ய முடிந்தது அவ்வளவுதான். ரயிலுக்கு நேரமிருந்தது. சின்னவன் அவள் தோளில் தூங்கிவிட்டான். பெரியவள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். தாய்க்காரி என்னென்னவோ பேசிவிட்டுத் திடீரென்று கேட்டாள்:

“அக்கா, அன்னைக்கு நான் கை தூக்காம இருந்திருந்தா எனக்குத் தண்ணி கெடைச்சிருக்குமா?”

இத்தனை நாளும் அதை மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். இருபத்துமூன்று காம்பரா ஒரு பக்கம், அவள் ஒருத்தி ஒரு பக்கம்.

“கெடைச்சிருக்காது புள்ள” என்றேன்.

“அப்பாடா” என்று மூச்சு விட்டாள். லயத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் நான் காணாத ஒரு நிம்மதி வந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.