ஐந்து பத்துக்கு மரத்துப்போகும் கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது கட்டுக்கதை இல்லை. என் உடம்பில் நடந்தது. தேதி, மணி எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு, "பேய் இருந்தா என் முன்னால வரச் சொல்லுங்கடா" என்று பாலக்கரை டீக்கடையில் சவால் விட்டவன் நான். அந்த வாய்க்கொழுப்பு அடங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

எடை தூக்கும் ஆட்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் கை மரத்துப் போகும். விழித்துப் பார்த்தால் தோளுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். இன்னொரு கையால் அதைத் தூக்கி மார்மேல் போட்டுத் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் எறும்பு ஊரும். பிறகு உயிர் வந்துவிடும். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் மீரான் பாய் வைத்திருந்த உடற்பயிற்சிக் கொட்டகையில் நாங்கள் எல்லோரும் இந்த அவஸ்தைப் பட்டவர்கள்தான். காலையில் வந்ததும், "நேத்து ராத்திரி உன் கை எந்த ஊருக்குடா போயிருந்துச்சு?" என்று கேட்டுச் சிரிப்போம்.

சிரித்தவர்களில் மூன்று பேர் எடுப்பான ஆட்கள். தைரியராஜ், நான், தங்கையன். வரிசையும் அதேதான். தைரியராஜ் முதல். நான் எப்போதும் இரண்டாவது. இரண்டாவதாக இருப்பது எவ்வளவு கசப்பு என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

1957-ஆம் வருஷம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தங்கள் அணிக்காக எடை தூக்கும் ஆள் ஒருவனுக்கு வேலை என்று செய்தி வந்தது. நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை தேர்வு. வேலை ஒன்று. ஆள் மூன்று பேர். எனக்கு அப்பா இல்லை, நிலம் இல்லை, படிப்பும் எட்டாம் கிளாஸோடு சரி. அந்த வேலையை விட்டால் காலம் பூராவும் காந்தி மார்க்கெட்டில் மூட்டைதான் தூக்க வேண்டும்.

தைரியராஜுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் பெயர் அமலராணி. கல்யாணத்தன்று அவள் போட்டுவிட்ட வெள்ளி மோதிரத்தை அவன் கழற்றவே மாட்டான். செபமாலை மோதிரம். சுற்றிலும் பத்து மணிகள் பொடிப்பொடியாகத் துருத்திக்கொண்டிருக்கும். "இரும்பைப் பிடிக்கிறப்ப குத்தாதாடா?" என்று கேட்டால், "குத்தட்டும்டா, என் பொண்டாட்டி குத்துறா" என்பான்.

நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. விடியவில்லை. கொட்டகையில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. தைரியராஜ் பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தான். இரும்புத் தண்டில் 210 பவுண்டு எடை. வலது பக்கம் நான். இடது பக்கம் தங்கையன். மீரான் பாய் வெளியே முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

எங்கள் கொட்டகையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தூக்குகிறவன் இனி முடியாது என்றால் "பிடி" என்பான். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் நிற்பவர்கள் தண்டைத் தாங்கி எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒருவன் இரும்புக்கு அடியில் படுக்கிறான்.

ஆறாவது தடவை தூக்கும்போது தண்டு பாதியில் நின்றுவிட்டது.

"பிடி" என்றான்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

கொல்ல நினைக்கவில்லை. தங்கையன் அந்தப் பக்கம் தாங்கிக்கொள்வான், என் பக்கம் மட்டும் சாயும், வலது தோள் பிசகும், ஞாயிற்றுக்கிழமை வர முடியாது… இவ்வளவுதான் என் கணக்கு. ஆனால் தண்டு சாயவில்லை. நேராக வந்து அவன் கழுத்தில் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். விழுவதற்கு முன் அவன் என்னைப் பார்த்தான். அதையும் எழுத எனக்குத் தெம்பில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து பத்து.

மீரான் பாய் ஓடி வந்தார். "என்னடா ஆச்சு?"

"கை மரத்துப் போச்சு, பாய். புடிக்கவே முடியல."

வாயில் வந்ததைச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். தினமும் அவரவர் கை மரத்துப் போகிறவர்கள்தானே! "திடீர்னு எடை பூரா என் பக்கம் வந்துருச்சு பாய்" என்று தங்கையன் அழுதான். குதிரை வண்டியில் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. போலீஸ் வந்தது, விபத்து என்று எழுதிக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை நான் ஜெயித்தேன். 1958 ஜனவரியில் வேலைக்குப் போனேன். தங்கையன் அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கமே வரவில்லை. லால்குடிக்கே திரும்பிப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். நான் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடி அறை பிடித்தேன். புது மெத்தை, புது டைம்பீஸ். வாழ்க்கையில் முதல் முறையாக முதலில் வந்தவன் நான்.

பிப்ரவரி 3. விடிகாலை விழிப்புத் தட்டியது. வலது கை மரத்திருந்தது. இடது கையால் தூக்கிப் போட்டுத் தேய்த்தேன். டைம்பீஸைப் பார்த்தேன். ஐந்து பத்து. திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாளும் ஐந்து பத்து. அதற்கு மறுநாளும். ஒன்பது நாள் தொடர்ந்து நடந்த பிறகுதான் இது தற்செயல் இல்லை என்று பட்டது.

அழுத்திப் படுத்தால்தானே மரத்துப் போகும்? இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். வலது கை மேலே சும்மா கிடந்தது. அப்படியும் மரத்தது. விளக்கெண்ணெய் தேய்த்தேன். எடை தூக்குவதையே நிறுத்தினேன். ஒன்றும் பலிக்கவில்லை. விழிக்கும்போதெல்லாம் மணிக்கட்டுக்கு மேலே தோலில் ஒரு தடம் இருந்தது. சிறு சிறு புள்ளிகள், ஒரே வரிசையில். பாய் அழுந்திய தடம் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது… நான் படுப்பது பாயில் இல்லை, மெத்தையில்.

எண்ணிப் பார்த்தேன். பத்துப் புள்ளிகள்.

நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். விடிகாலை ஐந்து பத்துக்கு ஒர்க்‌ஷாப்பில் விழித்துக்கொண்டிருந்தால் தைரியராஜ் என்ன செய்வான்? காலையில் வந்து தூங்கி, பகல் இரண்டு மணிக்கு எழுந்துவிடுவேன். ஏழு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஏமாற்றிவிட்டேன் என்று மீசையை முறுக்கிக்கொண்டேன். ஒரு நாளில் இரண்டு ஐந்து பத்து உண்டு என்பது இந்த மண்டைக்கு எட்டவே இல்லை.

அக்டோபர் 28. ஐப்பசி மழை. ஷிப்ட் நீண்டுவிட்டது. அறைக்கு வந்து படுக்கும்போதே பகல் ஒரு மணி. கதவைத் தாழிட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

விழிப்பு வந்தபோது அறை இருட்டாக இருந்தது. ஓட்டில் மழை. டக்… டக்… டைம்பீஸ் சத்தம். வலது கை இல்லை. மரத்துக் கிடந்தது.

கண்ணைத் திறக்காமலே இடது கையை நீட்டினேன். வலது பக்கம் மெத்தையில் கிடந்த கையைப் பிடித்துத் தூக்கினேன். மார்மேல் போட்டுத் தேய்த்தேன்.

கனமாக இருந்தது. வழக்கத்தைவிடக் கனம்.

ஜில்லென்று இருந்தது.

தேய்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளங்கையில் காய்ப்பு. என் கையிலும் காய்ப்பு உண்டு. சரிதான்… விரலைத் தேய்த்தேன்.

ஏதோ குத்தியது.

மோதிரம்.

நான் மோதிரம் போடுவதில்லை.

அப்போதுதான் எறும்பு ஊர ஆரம்பித்தது. மார்மேல் இருந்த கையில் இல்லை. தலையணைக்கு அடியில்… என் தலைக்குக் கீழே… அங்கே மடங்கிக் கிடந்தது என் வலது கை.

மார்மேல் இருப்பது…

கண்ணைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை.

அந்தக் கை புரண்டது.

என் இடது மணிக்கட்டைப் பற்றியது.

காதருகில் ஒரு மூச்சு. கழுத்து நசுங்கியவன் விடுகிற மூச்சு.

"பிடி…"

பிடித்தேன். சத்தியமாக இந்தத் தடவை பிடித்தேன். விடவே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஸ்டேஷனில் ரயில் ஊதிய சத்தம் கேட்டபோது என் கைக்குள் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தேன். மணி ஐந்து நாற்பது. மெத்தையில் எனக்கு வலப்பக்கம் ஓர் ஆள் படுத்து எழுந்த பள்ளம் இருந்தது.

அதன் பிறகு அவனுக்குக் காலை, மாலை என்ற கட்டுப்பாடெல்லாம் போய்விட்டது. நான் தூங்கினால் போதும், எந்த ஐந்து பத்தாக இருந்தாலும் வந்தான். போதாதென்று விழித்திருக்கும்போதும் கை சொன்னபடி கேட்க மறுத்தது. 1959 ஆகஸ்டில் ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டி கையை விட்டு நழுவி, பக்கத்தில் இருந்தவன் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிருவேன், அழகர்சாமி" என்றார் மேஸ்திரி. எந்த வேலைக்காக அவனைக் கொன்றேனோ அந்த வேலையை அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

ஒரே வழிதான் தெரிந்தது. செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் கலையும் நேரம். பாலக்கரையில் அமலராணி வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னண்ணே, இவ்வளவு தூரம்?"

"தங்கச்சி… அன்னைக்கு என் கை மரத்துப் போகல. வேணும்னேதான் விட்டேன்."

சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"நீங்களுமா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"போன மாசம் தங்கையண்ணன் வந்துச்சு. அதுவும் வேணும்னேதான் விட்டுச்சாம். நீங்க உங்க பக்கம் புடிச்சுக்குவீங்கன்னு நெனச்சுச்சாம். தெனம் அஞ்சு பத்துக்கு இடது கை மரத்துப் போகுதுன்னு சின்னப்புள்ள மாதிரி அழுதுச்சு."

தண்டு ஏன் சாயவில்லை என்று அப்போது விளங்கியது. இரண்டு பேருமே விட்டிருக்கிறோம். ஒருவனை நம்பி ஒருவன். அந்த இரும்புக்கு அடியில் படுத்திருந்தவன் எங்கள் இரண்டு பேரையும் நம்பியிருந்தான்.

"தங்கையன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரி கை மரத்துப் போகாம நல்லாத் தூங்குச்சாம். காலையில எந்திரிக்கல."

"என்ன…?"

"மாரடைப்புன்னு டாக்டர் சொன்னாராம். ஆனா கழுத்துல குறுக்கால ஒரு கோடு இருந்துச்சாம், நீலமா, தண்டு கனத்துக்கு. அது சம்சாரம் மயிலம்மாதான் வந்து சொல்லிட்டுப் போச்சு." கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள். "நான் மன்னிக்கிற வரைக்கும் என் வீட்டுக்காரரு காத்துக்கிட்டு இருக்காரு போல. எனக்காகத்தான் விட்டு வச்சிருக்காரு."

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்கண்ணே. உங்களையும் மன்னிச்சுரட்டுமா?"

மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். அந்த வாசலில் மண்டியிட்டு, "வேண்டாம் தாயி, மன்னிச்சுராத" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

ஏழு வருஷம் ஓடிவிட்டது. வேலை போய்விட்டது. இப்போது திருவானைக்கோவிலில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறேன். தினமும் ஐந்து பத்துக்குக் கை மரத்துப் போகும். மரத்த கையை மார்மேல் போட்டுக்கொண்டு, உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்துகொள்வேன். அந்த மரப்புக்காக நான் காத்திருந்த நாட்கள் உண்டு என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு பெண் ஸ்டாண்டுக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அமலராணியின் தங்கை, லூர்துராணி. கருப்பு ரவிக்கை போட்டிருந்தாள். அக்காவுக்கு மஞ்சள் காமாலை முற்றி, ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தார்களாம்.

"சாகுறதுக்கு முன்னால எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுக்க சாமியார் வந்தாருங்க. யார் மேலயாச்சும் மனசுல வன்மம் வச்சிருந்தா இப்பவே மன்னிச்சுரும்மான்னு சொன்னாரு. அக்கா உங்க பேரு ஒண்ணுதாங்க சொல்லுச்சு. உங்களைத் தேடிப் புடிச்சு, மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டு வரச் சொல்லுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனை நாளா அக்கா சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. அதைச் சொல்றப்ப மட்டும் சிரிச்சுச்சுங்க."

இன்றோடு மூன்று ராத்திரி ஆகிறது. நான் படுக்கவில்லை. உட்கார்ந்தே எழுதிக்கொண்டிருக்கிறேன். வலது கை சொன்னபடி கேட்கிறது. ஐந்து பத்துக்கும் மரக்கவில்லை, வலி இல்லை. அவ்வளவு லேசாக இருக்கிறது.

கண்தான் சொருகுகிறது…