ஐந்து பேருக்குப் போட்ட கடதாசி

நம்புங்கோ என்று நிரூபா ஒருவரையும் கேட்பதில்லை. திகதியைச் சொல்வாள்: 1997 ஜனவரி 18, சனிக்கிழமை. நேரங்களைச் சொல்வாள். அம்மாவின் தொலைபேசிக்கு வந்த ஓர் இலக்கத்தைச் சொல்வாள். மிச்சத்தைக் கேட்பவரிடம் விட்டுவிடுவாள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு அவள் யூனியன்வில்லில், கூட வேலை செய்யும் யூஜினி அக்காவின் வீட்டு பேஸ்மென்டில் இருந்தாள். பெண் பார்க்கும் சடங்கெல்லாம் வேண்டாம் என்று அவள் அடம்பிடித்ததால், சீட்டுக் கடதாசி விளையாடும் சாட்டில், அவளுக்கு மாப்பிள்ளையாகப் பேசியிருந்த ராகுலனைக் கூப்பிட்டிருந்தார்கள். பிடித்ததா இல்லையா என்று இரவு வந்து சொல்லிவிட வேண்டும். அம்மா உடனே அவன் வீட்டாருக்குப் பதில் சொல்லக் காத்திருந்தா.

மேசையில் நாலு பேர். நிரூபா, ராகுலன், யூஜினி, யூஜினியின் கணவர் நீக்கிலாஸ். போக்கர். காசு இல்லை, வறுத்த கச்சான் கடலைதான் பந்தயம். நீக்கிலாஸ் தன் பங்கை உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, தோற்க முதலே முடிச்சிடுவியள் போல கிடக்கு," என்றான் ராகுலன்.

"தோத்தா உனக்கெல்லோ போகும். இது எனக்குள்ள போகுது."

அவன் சிரித்த விதம் அவளுக்குப் பிடித்தது. பிடித்ததால்தான் சந்தேகமும் வந்தது. அவள் அப்படித்தான். ஒன்று மனதுக்குள் வந்துவிட்டால் அதன் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. அது தன்னைக் காப்பாற்றுகிறதா, கெடுக்கிறதா என்று அவளுக்கே தெரியாது.

4:25. யூஜினி கடதாசி போட்டாள். நாலு பேருக்கு ஐந்து பங்கு விழுந்தது. ஐந்தாவது, ராகுலனின் வலப்பக்கத்து வெறுங்கதிரைக்கு முன்னால். யூஜினி அதை அவசரமாக அள்ளிக் கட்டுக்குள் செருகினாள்.

"முந்நூற்றிநாலு விளையாடிப் பழகின கை. பிழைச்சுப்போச்சு," என்றார் நீக்கிலாஸ்.

முந்நூற்றிநாலு ஆட்டத்தையும் நிரூபா வீட்டில் நாலு பேர்தான் விளையாடுவார்கள். அப்பாவோடு எத்தனை நாள் விளையாடியிருக்கிறாள். இது பழகின கைதான். ஆனால் எதற்குப் பழகின கை?

4:50. இப்போது நீக்கிலாஸ் போட்டார். மறுபடியும் ஐந்து.

"ஆரும் வர இருக்கோ அக்கா?"

"இல்லை... ஒருத்தரும் இல்லை."

யூஜினி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகுதான் ராகுலனைக் கவனித்தாள். ஒவ்வொரு முறையும் தன் கடதாசியைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தான். வெறுங்கதிரைக்குக் காட்டுவது போல. ஒரு கணம் பொறுத்தான். அதன் பிறகுதான் விளையாடினான்.

ஒருமுறைகூட அவன் தோற்கவில்லை.

5:35. அவள் கைக்கு மூன்று ராணி வந்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ராகுலன் வலப்பக்கம் சாய்ந்தான். பொறுத்தான்.

"நான் விடுறன். உங்களிட்ட மூண்டு ராணி."

கள்ளம்... என்று மனம் சொன்னது. தண்ணீர் குடிக்கும் சாட்டில் எழுந்து பின்னால் பார்த்தாள். கண்ணாடி எதுவும் இல்லை. வெறும் சுவர்.

திரும்பி வரும்போது அந்தக் கதிரையைப் பார்த்தாள். மெத்தையின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

6:05. ஓர் இருமல். சின்னதாக, வறண்டு...

நாலு பேரின் வாயும் மூடியிருந்தது.

6:40. கதிரை கிறீச்சிட்டது.

மெத்தையில் விழுந்திருந்த பள்ளம் மெல்ல மெல்ல மேலே எழும்பியது.

ராகுலன் திரும்பி வலப்பக்கம் பார்த்தான். பார்த்தபடியே இருந்தான்.

அதன் பிறகு ஒரு ஆட்டமும் அவன் வெல்லவில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று தெரியாமல் விரல்கள் தடுமாறின. அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்க, நிரூபாவுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது. கள்ளன் இப்படித் தோற்கமாட்டான். பயத்தோடேயே முடிவெடுத்தாள்: ஓம் என்று சொல்லுவம்.

8:20. நீக்கிலாஸ் அவளை மார்க்கம் நகரில் அவளுடைய வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். அம்மா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றா.

"அவைக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

"ஆர் வேண்டாமெண்டது?"

"நீதானே போன் எடுத்தனி. குரல் அடைச்சிருந்தது, தடிமனாக்கும் எண்டு நினைச்சன். ஒருக்கா இருமினாய். 'வேண்டாமெண்டு சொல்லுங்கோ, அவர் தனிய இல்லை' எண்டிட்டு வைச்சிட்டாய்."

அவள் யூஜினி வீட்டுத் தொலைபேசியைத் தொடவே இல்லை.

அழைப்பவரின் இலக்கம் காட்டும் சின்னப் பெட்டியை அமத்திப் பார்த்தாள்.

6:40.

யூஜினி வீட்டு இலக்கம் அல்ல. அவளுக்குத் தெரியாத இலக்கம். ஒரு துண்டில் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் வேலையிடத்தில் யூஜினி தானாகவே சொன்னாள். அந்தக் கதிரை ராஜியுடையது. ராகுலனுக்கு நிச்சயித்திருந்த பிள்ளை. இரண்டு வருடமாக ஒவ்வொரு சனியும் அவனுக்குப் பக்கத்தில் இருந்து விளையாடினவள். அவளிடம் கேட்காமல் அவன் ஒரு கடதாசி இறக்கமாட்டான். நவம்பரில், நெஞ்சில் நோய் வந்து இருமி இருமியே போய்விட்டாள்.

"அவளைக் கழிச்சு எண்ண எங்கட கைக்கு வருகுதில்லை. உன்னட்ட மறைச்சது பிழைதான் நிரூபா."

நிரூபா துண்டை மேசையில் வைத்தாள்.

யூஜினி வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

"இது... ராகுலன்ர அப்பார்ட்மென்ட் நம்பர்."

"ஆறு நாப்பதுக்கு அவர் எனக்கு முன்னால இருந்தவர். அங்க வேற ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அவன் தனிய..."

யூஜினி அந்த வசனத்தை முடிக்கவில்லை.