மூன்று மில்லி கூடுதல்

என் மேசைமேல் இரண்டு ஸ்டீல் ஸ்கேல்கள் கிடக்கின்றன. இரண்டிலும் முப்பது சென்டிமீட்டர் வரை கோடு போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டி வைத்துப் பார்த்தால், ஒன்றின் முப்பது இன்னொன்றின் முப்பதைத் தாண்டி நான்கு மில்லிமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். குட்டையானது என்னுடையது. நீளமானது என் மனைவியின் அண்ணனுடையது. மேசையைத் துடைத்து ஒழுங்கு செய்யும்போதெல்லாம் என் மனைவி அண்ணனுடைய ஸ்கேலைத்தான் மேலே வைப்பாள்.

நான் ரயில்வேயில் வேகன்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன். டி.எக்ஸ்.ஆர். என்று எங்களைக் கூப்பிடுவார்கள். இருகூர் யார்டில் கூட்ஸ் வண்டி வந்து நின்றதும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, ஒவ்வொரு வேகனுக்கும் குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். பிரேக் கட்டை, ஸ்பிரிங், சக்கரத்தின் விளிம்பு, கதவுக் கொண்டி எல்லாம் சரியாக இருந்தால் சாக்பீஸால் என் குறியைப் போடுவேன். ஒரு வட்டம், அதற்குக் குறுக்கே ஒரு கோடு. அது இல்லாமல் வேகன் நகராது. இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தவனுக்கு எதைக் கண்டாலும் முதலில் குற்றம்தான் கண்ணில் படும். கல்யாண வீட்டில் வாழைமரம் கோணலாக இருந்தால்கூட அவிழ்த்துக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். அதை ஒரு பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் கணபதி என்கிற ஊரில் ஒரு பம்பு கம்பெனியில் பேட்டர்ன் செய்தார். பம்பின் உடம்பை உலோகத்தில் வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து மணலில் பதிக்க வேண்டும். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். அதிர்ந்து பேசாத மனிதர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆனாலும் பெண் கொடுத்த வீட்டுக்காரர் என்பதால் கடைசிவரை எனக்கு மரியாதை குறைத்ததில்லை. நான் எதைச் சொன்னாலும் "மாப்ள சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்" என்பார். அந்த வார்த்தையை உண்மை என்றே நம்பிவிட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்னால், அவர் மகளுடைய சீருக்காக எல்லோரும் அவர் வீட்டில் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து ஆண்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, அலமாரியில் மரத்தால் செய்த ஒரு வேகன் இருப்பதைப் பார்த்தேன். நிலக்கரி ஏற்றுகிற திறந்த பெட்டி வேகன். பக்கவாட்டுத் தூண்கள், கதவுகள், விளிம்புப் பட்டை எல்லாம் எண்ணிக்கை பிசகாமல் இருந்தன. மச்சானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், சந்தோஷம் தாங்காமல் சொல்லிவிட்டார். "உங்களுக்குத்தானுங்க தம்பி. ரிட்டயர்மெண்டு அன்னைக்குக் குடுக்கோணும்னு மூணு ஞாயித்துக்கெழமை கூட்ஸ் ஷெட்டுக்குப் போயி நெஜ வேகனயே அளந்துட்டு வந்தாருங்க."

மச்சான் கையைப் பிசைந்துகொண்டு, "இன்னும் முடியலீங்க மாப்ள" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. என்ன அளவு என்று கேட்டேன். நாற்பதில் ஒரு பங்கு என்றார். சட்டைப்பையில் இருந்த டேப்பை எடுத்தேன். இருபத்து நான்கரை சென்டிமீட்டர் இருக்க வேண்டிய நீளம் மூன்று மில்லி கூடுதலாக இருந்தது. அகலமும் கூட, உயரமும் கூட. சுவர்கள் நேராக நிற்காமல் லேசாகச் சாய்ந்திருந்தன. கூராக இருக்க வேண்டிய உள்மூலைகள் மழுங்கி வளைந்திருந்தன. அத்தனையையும் ஒன்று விடாமல் சத்தமாகச் சொன்னேன். "மூணு மில்லின்னா நெஜ வேகன்ல அஞ்சு இஞ்சு மச்சான். இந்த வேகன் வந்தா பிளாட்பாரத்தை ஒரசிட்டுத்தான் போவும்" என்றேன். இருபது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மச்சான் வேகனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "மாப்ள சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வீடு திரும்பும் பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்கண்ணன் மொகத்தப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் பார்க்கவில்லை. அளவைத்தான் பார்த்தேன். ஓய்வு பெற்ற நாளில் மச்சான் ஒரு சுவர்க்கடிகாரம் கொண்டுவந்து கொடுத்தார். அதன்பிறகும் நல்லது கெட்டது எதற்கும் முதல் ஆளாக வந்தார், அதே மரியாதையோடு பேசினார். வேகனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. என் மனைவியும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் நான் எதையாவது குறை சொல்ல ஆரம்பித்தால் அந்தக் கடிகாரத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் அளந்தது அளந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன வருடம் மச்சான் மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே அந்த மர வேகனும் அவருடைய ஸ்கேலும் இருந்தன. வீட்டுக்கு வந்து, கை சும்மா இருக்காமல், அவர் ஸ்கேலாலேயே வேகனை அளந்தேன். இருபத்து நான்கரை. ஒரு முடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் ஸ்கேலை எடுத்து அளந்தால் மூன்று மில்லி கூடுதல். இரண்டு ஸ்கேலையும் சேர்த்து வைத்தபோதுதான் அந்த நான்கு மில்லி வித்தியாசம் தெரிந்தது. அப்போதும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். பாவம், தப்பான ஸ்கேலை வைத்துக்கொண்டே ஆயுசு முழுக்க வேலை பார்த்திருக்கிறாரே என்று அவருக்காக இரக்கப்பட்டேன்.

மறுநாள் கணபதியில் உலோகம் வார்க்கிற ஒரு சின்ன பவுண்டரிக்கு வேகனையும் இரண்டு ஸ்கேல்களையும் எடுத்துப் போனேன். அங்கே மச்சானோடு பல வருடம் வேலை செய்த ஒரு மோல்டர் இருந்தார். மணலில் அச்சு எடுப்பவர். மச்சானுடைய ஸ்கேலைக் காட்டி, இது எப்படித் தப்பானது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏனுங்க, இது தப்பு ஸ்கேல் இல்லீங்க, சுருக்கு ஸ்கேலு. அலுமினியத்தக் காய்ச்சி ஊத்துனா ஆறுறப்ப சுருங்குமுங்க. சுருங்கப்போறத முன்னாடியே சேத்துத்தான் இதுல கோடு போட்டிருக்கும்." பிறகு வேகனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மணல்லருந்து தூக்குறப்ப அச்சு ஒடையாம வரோணும்னு செவுத்தக் கொஞ்சம் சாய்ப்பாங்க. மூலையில வெடிப்பு உழுகக் கூடாதுன்னு வளைவு குடுப்பாங்க. வேகன்னு நெனச்சா இதைய அளந்தீங்க? இது வேகனுக்குப் பேட்டர்னுங்க."

பேட்டர்ன் செய்கிறவர் பேட்டர்ன் செய்திருக்கிறார். இது ஒரு புதிரா? இன்னும் முடியவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்னாரே. நான் கண்ட மூன்று குற்றங்களும் அவருடைய வேலைச் சுத்தம். அதை வார்த்துத் தர முடியுமா என்று கேட்டேன். மோல்டர் அச்சுப்பெட்டிக்குள் வைப்பதற்காக வேகனைக் கவிழ்த்தார். அடிப்பலகையில் ஏதோ மேடாகச் செதுக்கியிருந்தது. "இது என்னங்க குறி?" என்றார். ஒரு வட்டம், அதற்குக் குறுக்கே ஒரு கோடு. நான் சோதித்து அனுப்பிய வேகனாகத் தேடிப் பிடித்து அளந்திருக்கிறார். எந்த வேகனானாலும் குனிந்து அடியைப் பார்க்கிற நான், அன்றைக்கு அந்த ஒரு வேகனை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். மோல்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரே வார்த்துக் கொடுத்தார். அச்சை உடைத்து வெளியே எடுத்ததும் நான் ஸ்கேலோடு கிட்டே போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். "ஆறட்டுமுங்க. சூட்டோட அளந்தா கூடத்தான் காட்டும்." காத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் ஸ்கேலால் அளந்தேன். இருபத்து நான்கரை.

மச்சானுடைய முதல் தெவசத்துக்கு அந்த அலுமினிய வேகனை எடுத்துப் போனேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேராவது வந்திருந்தார்கள். இலை போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று, நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. பலருக்கு ஞாபகமே இல்லை. அக்கா மட்டும் பேசினார். "அன்னைக்கே நாங் கேட்டனுங்க தம்பி, பேட்டர்னுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்னன்னு. நாலு பேரு முன்னால மாப்ளைக்குத் தெரியலைன்னு நான் காட்டறதா, அப்பறம் யார்டுல அவரு பேச்ச எவன் மதிப்பான், உடுன்னு சொல்லிப்போட்டாரு. நானும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

சட்டைப்பையில் கொண்டுபோயிருந்த சாக்பீஸை எடுத்தேன். வேகனைக் கவிழ்த்து, மேடாக இருந்த அந்தக் குறியின்மேல் தேய்த்தேன். வட்டமும் கோடும் வெள்ளையாக எழும்பி வந்தன. மச்சான் படத்துக்குக் கீழே அதை வைத்து, "செரியா இருக்குதுங்க மச்சான்" என்றேன். என் மனைவி பக்கத்தில் வந்து நின்று, என் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வேகன் அந்த வீட்டிலேயே இருக்கிறது. ஸ்கேல்கள் இரண்டும் என் மேசைமேல் இருக்கின்றன. இன்று காலையும் அவள் துடைத்து வைத்திருக்கிறாள், அண்ணனுடையது மேலே. நான் மாற்றி வைப்பதில்லை.