மதினி இந்தியக் குடிமகளான கதை

ஆட்சியர் அலுவலகத்தில் அதிகாரி நீட்டிய தமிழ்ச் செய்தித்தாளை மதினி இரண்டு கைகளாலும் வாங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மாதா கோயிலில் பூசைக்கு வேத வாசகம் வாசிக்கப் போகிறவளைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாசிப்பில் தடுமாற்றம் இருந்தது, பயம் இல்லை.

மதினி பிலிப்பைன்ஸ்காரி. வளைகுடாவில் நர்ஸாக இருந்தவளை, அங்கே வேலைபார்த்த என் அண்ணன் விரும்பிக் கல்யாணம் செய்து எங்கள் ஊரான உவரிக்குக் கூட்டிவந்தான். ஒரு மகள் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டான். மதினி இனி இங்கே இருக்கமாட்டாள் என்றே ஊரில் பேசிக்கொண்டார்கள். அம்மா நேராகவே சொன்னாள்: "ஒங்க ஊருக்குப் போறதுன்னா போ தாயீ. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்." மதினி, "நாளைக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?" என்று மட்டும் கேட்டாள்.

விசாவை நீட்டித்து நீட்டித்து அலுத்துப்போய், குடியுரிமைக்கே விண்ணப்பிப்பது என்று ஒருநாள் முடிவெடுத்தாள். பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் அவளை நான் அழைத்துப் போனேன். விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் தொடர்ச்சியாக இந்தியாவில் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய பதினான்கு வருடங்களில் பதினோரு வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், அரசியலமைப்பு ஏற்ற மொழிகளில் ஒன்று தெரிய வேண்டும், அதற்குத் தமிழே போதும், கடைசியில் பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அன்றிலிருந்து மகளின் பாடப்புத்தகத்தை வைத்து மதினி எழுத்துக் கூட்டத் தொடங்கினாள்.

பன்னிரண்டு மாதம் முடியும் தறுவாயில் பிலிப்பைன்ஸில் அவளுடைய அம்மா படுத்த படுக்கையானார். இப்போது நாட்டைவிட்டுப் போனால் கணக்கு அறுந்துவிடும் என்று வக்கீல் எச்சரித்தார். நானும் தயங்கினேன். மதினி பெட்டியை அடுக்கிக்கொண்டே, "ஒரு வருசத்தை மறுபடியும் இருந்து கழிச்சிரலாம் ஏட்டி. அம்மையை மறுபடியும் பாக்க முடியுமா?" என்றாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்து, முதல் மாதத்திலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.

அதனால்தான் அந்த அதிகாரியின் முன்னால் அவளுக்குப் பயம் வரவில்லை என்று நினைக்கிறேன். "வாசிக்கீங்க, சரி. பேச வருமா?" என்று அவர் கேட்டார்.

"உவரிக் கடக்கரையில தெனமும் மீனுக்கு வெலை பேசுதேன் சார். தமிழ் வராம மீன் வாங்க முடியுமா?"

அவர் சிரித்துவிட்டார். எதற்காக இந்த நாட்டுக் குடியுரிமை கேட்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார். "எம்மவ இந்த ஊருக்காரி. எங்க வீட்டுக்காரரை இங்கனதான் அடக்கியிருக்கு. நானும் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்றாள் மதினி.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கடிதம் வர வெகுகாலம் ஆனது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த நாளில் மட்டும் அவள் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போகவில்லை.

சமீபத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு முதன்முறையாகத் தன் அம்மாவின் கல்லறைக்குப் போய்வந்தாள். திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் நானும் அவள் மகளும் காத்திருந்தோம். வெளியே வந்தவள், "அங்க பிலிப்பைன்ஸ்ல என்னைய வெளிநாட்டுக்காரங்க வரிசையில நிக்கச் சொல்லிட்டாவ" என்றாள்.

"சங்கடமா இருந்துச்சா மதினி?"

"இருந்துச்சி. அம்மைகிட்ட போயி அதையும் சொல்லிட்டுதான் வந்தேன்." பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மகளின் தோளை அணைத்துக்கொண்டாள். "இங்க வரிசை நீளம். ஆனா, எத்தனை நாள் இருப்பீங்கன்னு ஒருத்தரும் கேக்கலை."