மார்கா பள்ளத்தாக்கு: கணவாய்க்கு இரண்டு நாள் முன்னால் திரும்பினோம்

என் கணவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மும்பை மாட்டுங்கா வீட்டில் இப்போது என்னை எதிர்த்துப் பேச ஆளில்லை. டோம்பிவிலியில் தனியாக இருக்கும் என் நாத்தனார் விசாலம்தான் தினமும் போன் செய்து, நான் சொல்வதையெல்லாம் மறுத்துவிட்டு வைப்பாள். இந்த செப்டம்பரில் லடாக் போய் மார்கா பள்ளத்தாக்கை நடந்து கடக்கப்போகிறேன் என்றபோதும் மறுத்தாள்.

"அறுபத்தெட்டு வயசுலே எதுக்கு மன்னி இதெல்லாம்? காசிக்குப் போலாம், வாங்கோ."

காசியில் ஆளாளுக்கு ஆறுதல் சொல்வார்கள், எனக்கு வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் அவளே புது ஷூ போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு அறுபத்துநான்கு.

அவர் படுக்கையில் இருந்த கடைசி வருடம் முழுவதும் நான் நடந்ததெல்லாம் கட்டிலிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து கட்டிலுக்கும்தான். அதன் பிறகு, எங்கேயாவது நடந்து போய்ச் சேரவேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஐயாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாயை, குதிரையில் ஏறாமல் என் காலால் கடப்பது. வேறு நோக்கம் இல்லை.

மும்பையிலிருந்து தில்லி வழியாக லே. அங்கே மூன்று இரவு சும்மா இருந்து உடம்பைப் பழக்கினோம். இதைக் குறைக்காதீர்கள். நான்காம் நாள் காலை சில்லிங் வரை இரண்டு மணி நேரம் கார். அங்கிருந்து நடை. எங்களோடு வழிகாட்டி ஸ்டான்ஸின், மூட்டை சுமக்கும் இரண்டு குதிரைகள், குதிரைக்காரர். ஸ்டான்ஸினுக்கு முப்பது வயதிருக்கும், நல்ல இந்தி பேசினார்.

பசுமையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது பாலைவனம். இரண்டு பக்கமும் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் மொட்டை மலை, நடுவில் கலங்கிய ஆறு, கிராமம் வந்தால் மட்டும் கொஞ்சம் வில்லோ மரமும் பார்லி வயலும். ஐந்தரைக்கு எழுவோம். ஏழு மணிக்கு நடை. நாளுக்குப் பத்து, பதினொரு கிலோமீட்டர். மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று கிளம்பி மணலை வாயில் அள்ளிப் போடும். மூன்று மணிக்கு ஏதாவது ஒரு வீட்டில் தங்கல். இரவில் நூடுல்ஸ் போட்ட சூப் அல்லது ராஜ்மா சாதம். விசாலம் கொண்டுவந்த மிளகாய்ப்பொடி இல்லையென்றால் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். எட்டு மணிக்குப் படுத்துவிடுவோம். தூக்கம் வராது. உயரத்தில் மூச்சு தட்டித் தட்டித்தான் வரும். பக்கத்தில் யாரோ மூச்சு விடுவதைக் கேட்டபடி படுத்திருப்பது எனக்குப் பழகிய விஷயம்தான். இங்கே அதுவே பாரமாக இருந்தது.

தங்கும் வீடுகளில் கழிப்பறை உண்டு. தரையில் ஓட்டை, பக்கத்தில் மண், ஒரு மண்வெட்டி. சுத்தமாகவே இருந்தது. வழியில் ஒன்றும் கிடையாது. மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லாத இடங்களுக்காக நான் ஒரு பெரிய கறுப்புக் குடை வைத்திருந்தேன். பெண்களுக்கு என் முதல் ஆலோசனை அந்தக் குடைதான்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஸ்டான்ஸின், "பானி பியா, ஆன்ட்டிஜி?" என்று, தண்ணீர் குடித்தோமா எனக் கேட்பார். விசாலம் தன் எவர்சில்வர் பாட்டிலை உயர்த்திக் காட்டுவாள். எப்போது தூக்கிப் பார்த்தாலும் அது கனமாக, நிரம்பியே இருக்கும். தீரத் தீர நிரப்பிக்கொள்கிறாள், பரவாயில்லை, ஒழுங்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நடையின் மூன்றாம் நாள் பிற்பகல் அவள் பேச்சு குறைந்தது. நான்காம் நாள் மார்கா கிராமத்திலிருந்து ஹங்கர் கிராமத்துக்குப் போகும்போது, அவள் ஷூ நாடாவைக் கட்டியிருந்த அழகைப் பற்றி வேண்டுமென்றே ஒரு வார்த்தை சொன்னேன். பதில் இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நாற்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. அப்போதே நின்றிருக்க வேண்டும். களைப்பு என்று நினைத்து நடந்தேன்.

ஹங்கர் வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"அண்ணா வந்துட்டானா மன்னி? பின்னாடியேதானே வந்துண்டிருந்தான்."

அவள் அண்ணா என்றால் என் கணவர்.

அவளுக்குத் தண்ணீர் கொடுக்கப் பாட்டிலைத் திறந்தேன். உள்ளே இருந்தது ஆரஞ்சு நிறத் தண்ணீர். இரண்டாம் நாள் காலையில், முதல் இரவு தங்கிய ஸ்கியூவில் நான் கரைத்துக் கொடுத்த உப்பு-சர்க்கரைப் பொடி. மூன்று நாளாக வெயிலில் இருந்து புளித்திருந்தது.

ஸ்டான்ஸின் அவள் விரல் நகத்தைப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். கால் பின்னியது. "இப்பவே இறங்கணும் ஆன்ட்டிஜி. குதிரையிலே மார்கா, அங்கேர்ந்து ஜீப்." சற்று நிறுத்திவிட்டு, "நீங்க வேணும்னா குதிரைக்காரரோட மேலே போங்க. இவங்களை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

ஹங்கரிலிருந்து பனிமலை தெரிகிறது. நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது உண்மை. பிறகு குடையை எடுத்துக்கொண்டு குதிரைக்குப் பக்கத்தில் கீழே நடந்தேன். கணவாயின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை.

லே மருத்துவமனையில் ஆக்சிஜனும் சலைனும் ஏற்றினார்கள். உயரமும் வறட்சியும் சேர்ந்துகொண்டன, இன்னும் ஒரு நாள் மேலே போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மறுநாள் சாயங்காலம் விசாலத்துக்குப் பேச்சு திரும்பியது.

"இருபத்தெட்டு வருஷம் டோம்பிவிலிலேர்ந்து வி.டி. ஸ்டேஷனுக்கு லோக்கல் ட்ரெயின்லே போனேன் மன்னி. காலமே ஒரு வாய் காபி. அப்புறம் ஆபீஸ் போற வரைக்கும் ஒரு சொட்டு குடிக்க மாட்டேன். குடிச்சா வழியிலே எங்கே போறது? வெளியிலே கிளம்பினா தாகமே எடுக்காது எனக்கு."

"இங்கே லோக்கலா ஓடறது? என் குடையைக் கேட்டிருக்கலாமே."

"ரெண்டு ஆம்பளைகள் நின்னுண்டிருக்கா, உங்ககிட்டே வந்து அதைக் கேக்கச் சொல்றேளா? உடனே அந்தக் கான்வென்ட்லே படிச்ச மூஞ்சியைக் காட்டுவேள்."



போக நினைப்பவர்களுக்கு: தங்கும் வீட்டில் இரவு உணவு, காலை உணவு, மதியப் பொட்டலம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள். பள்ளத்தாக்கில் ஏடிஎம் இல்லை, பணமாகவே கொண்டுபோங்கள். பெரும்பாலான இடங்களில் போன் எடுக்காது. கூட வருபவர் என்ன குடிக்கிறார் என்று வாயைக் கேட்காதீர்கள், பாட்டிலைத் திறந்து பாருங்கள். சண்டை போடுபவர் சண்டையை நிறுத்திவிட்டால் அன்றே கீழே இறங்குங்கள். குடை ஒன்று போதாது, இரண்டாக எடுத்துப்போங்கள்.

மும்பையில் இறங்கியதும் அவளைத் தனியாக விட மனமில்லாமல் டோம்பிவிலி வரை கூடப் போனேன். காட்கோபரில் லேடீஸ் பெட்டியில் ஏறினோம். சாயங்கால நெரிசல். தாணேயில்தான் உட்கார இடம் கிடைத்தது. ஸ்டேஷனில் நான் வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சீல்கூட உடைக்காமல் அவள் மடியில் இருந்தது.

"குடியேன், விசாலம்."

"ஆத்துக்குப் போயிடலாம் மன்னி. இன்னும் அரை மணிதானே."

திட்ட வாயெடுத்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. லேயில் காலையில் விமானம் ஏறியதிலிருந்து நானும் ஒரு வாய் குடித்திருக்கவில்லை.