அறுகம்பைக்கு வாங்கிய வாத்து

வாத்தை நான்தான் குத்தினேன். மீன் வெட்டுகிற கத்தியால், பிள்ளைகள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, கழுத்தில் ஒன்று, வயிற்றில் ஒன்று. மஞ்சள் ரப்பர் வாத்து அது. நடுவில் ஓட்டை. அதற்குள் பிள்ளையை உட்காரவைத்துக் கடலில் மிதக்கவிடலாமாம். என் கணவர் கல்முனைச் சந்தையில் வாங்கி, வாயால் ஊதி ஊதிக் கண் சிவந்து, நடுவீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார். நாலு வயது மகன் அதற்குள் ஏறிக் குந்திக்கொண்டு "அறுகம்பை, அறுகம்பை" என்று கத்திக்கொண்டிருந்தான். அவனை ஒரு கையால் தூக்கி அப்பால் வைத்துவிட்டுத்தான் குத்தினேன். அந்தளவு நிதானம் எனக்கு இருந்தது.

"உனக்கென்ன பைத்தியமா புள்ள?" என்றார் அவர்.

"ஓம், பைத்தியந்தான். கடல் சாமான் ஒண்டும் இந்த வீட்டுக்குள்ள வரப்படாது எண்டு எத்தின தரம் சொல்லியிருக்கன்?"

"வாத்துகா அது! வெறும் வாத்து!"

"வாத்தும் வேணாம், கோழியும் வேணாம்."

மகன் செத்துப்போன வாத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். எட்டு வயது மகள் அழவில்லை. கத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, கத்தியைக் கழுவப் போய்விட்டேன்.

என் கணவர் சம்மாந்துறைக்காரர். வயல்காரர். வேளாண்மை வெட்டி, நெல்லைக் கொடுத்து முடித்தால் அவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது; எங்காவது பயணம் போக வேண்டும். கடல் என்றால் அவருக்கு வேனில் போய், சோறு ஆக்கித் தின்று, குளித்துவிட்டு வருகிற இடம். வாய்க்காலில் நீந்திப் பழகிய மனிதருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? சித்திரை லீவுக்கு அறுகம்பை என்று அவராகவே முடிவுகட்டினார். கூட்டாளியின் வேன், கூட்டாளிக்குத் தெரிந்த ஒரு தங்குமிடம், வாளி, மண் அள்ளும் கரண்டி, இந்த வாத்து. எல்லாம் ஆயத்தம். என்னிடம் கேட்கிற வேலை மட்டும்தான் பாக்கி.

எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு, அறுகம்பைக்குப் போவதுபோல எழுபது கிலோமீற்றர் போக வேண்டியதில்லை. வீதி முடிகிற இடத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் பெண்கள் சொந்த ஊர்க் கடலில் இறங்குவதில்லை. யார் பார்ப்பார்களோ, யார் என்ன கதைப்பார்களோ. கடலில் கால் நனைக்க வேண்டும் என்றால் வேன் பிடித்து வேறொரு ஊர்க் கடலுக்குப் போக வேண்டும். இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது! எனக்கென்றால் அது நல்ல வசதியாகத்தான் இருந்தது. என் கால் நனைந்து இருபது வருடத்துக்கு மேலே ஆகிவிட்டது. நனையவும் வேண்டாம்.

என் உம்மாவைக் கடல் கொண்டுபோனது. சுனாமி வந்த காலையில் உம்மா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் பெரிய றோட்டுக்கு அந்தப் பக்கம் குர்ஆன் மதரசாவில் இருந்தேன். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். திரும்பி வந்தபோது வீடு இல்லை. கிணறு இருந்தது. கிணற்றுக்குள் யாருடையதோ ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. உம்மா கிடைக்கவே இல்லை. உம்மாவுக்கு அடக்கிய கபுறு என்று ஒன்று இல்லை. பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் மையவாடிக்குள் போய்த் தங்கள் ஆட்களின் தலைமாட்டில் நிற்பார்கள். வாப்பா எந்தத் தலைமாட்டில் நிற்பதென்று தெரியாமல் வாசலில் நின்றபடியே துஆ கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்.

அந்த வளவிலேயே வாப்பா திரும்பவும் வீடு கட்டினார், என் சீதனத்துக்கு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது, சுவர் அவளுடையது, வருகிறவர் பெட்டியோடு வருவார். மேசனிடம் வாப்பா ஒரே ஒரு விசயம் சொன்னார்: கிழக்குச் சுவரில் ஜன்னல் வைக்காதே. கடல் இருப்பது கிழக்கில். கிணற்றடியும் அந்தப் பக்கம்தான். மேசன் சிரித்தான். வாப்பா சிரிக்கவில்லை. வீடு ரொட்டி சுடுகிற போறணை மாதிரி வேகும். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு இரவும் பகலும் பேனைச் சுழலவிடுகிறவர்கள் இந்த ஊரில் நாங்கள் மட்டும்தான். வாப்பா மௌத்தான பிறகு ஒரு ஜன்னல் வைப்போம் என்று என் கணவர் ஒருதரம் மெதுவாகக் கேட்டார். நான் பார்த்த பார்வையில் அதோடு விட்டுவிட்டார்.

வாத்தைக் குத்திய அன்று பின்னேரம் மகள் சமையலறைக்கு வந்தாள்.

"உம்மா, நாம ஏன் கடலுக்குப் போகப்படாது?"

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கோபம் இன்னும் கையில் இருந்தது.

"கடலுக்குள்ள மூச்சுப் புடிக்கத் தெரியாத ஆக்கள அது புடிச்சிரும். உன்ட உம்மும்மாவப் புடிச்ச மாதிரி. உன்ட தம்பிக்கு மூச்சுப் புடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வாய மூடிக்கு இரி."

வாயை மூடிக்கொண்டு போனாள். பெரிய பதில் சொல்லிவிட்டேன் என்று நான் மிச்சத் தேங்காயையும் துருவினேன்.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் சண்டைதான். அவர் வாங்கிய பிளாஸ்டிக் வாளியை மிதித்து நொறுக்கினேன். அவர் என்னோடு கதைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். "உங்கட உம்மாவுக்கு உசிரோட இரிக்கிற புள்ளயள விட மௌத்தான ஆக்கள்தான் பெருசு." நான் கதவைச் சாத்திய வேகத்தில் கொண்டி கழன்று விழுந்தது. வியாழக்கிழமை அவர் நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இந்தப் பயணம் இல்லாட்டி நான் என்ட உம்மா வீட்டுக்குப் போறன். பெட்டியோட போவன். பொறகு கூப்பிட வரப்படாது."

எங்கள் ஊர்களில் இது சும்மா வார்த்தை இல்லை. மாப்பிள்ளை பெட்டியோடு தாய் வீட்டுக்குப் போனால் அசர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவரைத் திருப்பிக் கொண்டுவர இரண்டு பள்ளிவாசல் ஆட்கள் வேண்டும். அவர் சாதுவான மனிதர். சொன்னால் செய்வார். கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுப்பதா, அவரைச் சம்மாந்துறைக்குக் கொடுப்பதா? இரண்டும் முடியாது என்று எனக்குள் கத்தினேன், வெளியே "போங்க" என்று கத்தினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தார். நான் சோறு போட்டேன், இறைச்சிக் கறி. பிள்ளைகள் அவசரமாகத் தின்றுவிட்டுப் பின்னால் ஓடிவிட்டார்கள். அவர் சோற்றுக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைசித் தரமாகக் கேட்பது போல மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு வேனுக்குச் சொல்லட்டா, வேணாமா?"

அந்த மெதுவான குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டுப் போயிருப்பேன். அவர் கையிலிருந்த கோப்பையைப் பறித்து எறிந்தேன். கிழக்குச் சுவரில் பட்டு உடைந்தது. சோறும் கறியும் வாப்பாவின் சுவரில் வழிந்தன.

அவர் சுவரைப் பார்த்தார். எழும்பிப் போனார். பெட்டி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். வந்தபோது கையில் அலவாங்கு, வரம்பு கட்டக் கொண்டுபோகும் அந்த நீட்டு இரும்பு.

"உனக்குப் பைத்தியம் புடிச்சது கடலால இல்ல. இந்தச் சுவரால."

ஓங்கிக் குத்தினார். பூச்சு உதிர்ந்தது. இரண்டாவது குத்தில் கல் அசைந்தது.

"என்ட வாப்பா கட்டின சுவர்! வீட்டுக்கு வந்த மாப்பிள்ள, பொண்டாட்டிட சுவருல கை வைக்கியா நீ?" அவரை நான் "நீ" என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். முதுகில் பாய்ந்தேன். தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். தோளைக் கடித்தேன், வாயில் இரத்தம் கரித்தது. மனிதர் நிற்கவில்லை. என்னையும் முதுகில் சுமந்துகொண்டு குத்தினார். ஒரு கல் வெளிப்பக்கம் விழுந்தது. இன்னொன்று. தூசு அடங்கும் முன் காற்று வந்தது. உப்புக் காற்று, என் முகத்தில் நேராக அடித்தது. கடலின் இரைச்சல் வீட்டுக்குள் வந்தது. நான் அவர் முதுகிலிருந்து வழுகி இறங்கினேன். அவர் அலவாங்கை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

அப்போதுதான் அந்த ஓட்டை வழியாக மகளின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்."

ஓட்டையில் கண்ணை வைத்தேன். கிணற்றடியில் நாங்கள் குளிக்கும் சீமெந்துத் தொட்டி. மகள் அதன் விளிம்பில் முழந்தாளிட்டு இரண்டு கையாலும் எதையோ தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள். விளிம்புக்கு வெளியே இரண்டு சின்னக் கால்கள் உதறின. பிறகு உதறவில்லை.

எப்படிப் போனேன் என்று தெரியாது. பின்கதவால் ஓடியிருக்க வேண்டும். மகளைத் தள்ளி எறிந்தேன். மகனை மயிரைப் பிடித்துத் தூக்கினேன். உதடு நீலம். கண் மேலே செருகியிருந்தது. யா அல்லாஹ், யா அல்லாஹ், இந்தக் கிணற்றடியில் இன்னொருதரமா! தலைகீழாகப் பிடித்து முதுகில் அடித்தேன். அவர் வந்து என் கையிலிருந்து பறித்து அவரும் அடித்தார். அடிக்க அடிக்க, மகன் இருமினான். தண்ணீரும் சோறுமாக என் மேல் வாந்தி எடுத்தான். பிறகு ஊரே கேட்கிற மாதிரிக் கத்தி அழுதான். அந்தச் சத்தத்தை விட இனிப்பான ஒன்றை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

அழுகைக்கு நடுவே அவன் என்னிடம் பெருமையாகச் சொன்னான்: "உம்மா, நான் மௌத்தாகல்ல."

நான் திரும்பி மகளின் கன்னத்தில் அறைந்தேன். கை எரிந்தது. அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். விரல்களின் அடையாளம் சிவப்பாக எழும்பியது.

"அவனுக்கு மூச்சுப் புடிக்கப் பழக்கினன் உம்மா. ஒவ்வொரு நாளும் பழக்கினன். இனிக் கடல் அவனப் புடிக்காது." அப்போதும் அவள் அழவில்லை. "இப்ப போகலாமா?"

நான் அந்த ஈரச் சீமெந்தில் அப்படியே குந்திவிட்டேன். உம்மா மீன் கழுவிய இடம். இருபது வருடமாகக் கடலை நான் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓங்கி அழ வந்தது, அழுதேன். மகளை இழுத்து மடியில் போட்டேன். அவள் விறைத்துக்கொண்டு கிடந்தாள். அவர் சட்டையெல்லாம் சுவர்த் தூசு, தோளில் என் பல்லடையாளம், மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"வேனுக்குச் சொல்லுங்க" என்றேன்.

"வேணாம் புள்ள. விடு."

"சொல்லுங்க எண்டா சொல்லுங்க! ஆனா முதல்ல நான் எறங்குவன். நான் சொன்ன பொறகுதான் புள்ளயள்."

மகனை அன்றே டொக்டரிடம் காட்டினோம், நெஞ்சு தெளிவு என்றார். வாத்தைச் சைக்கிள் கடையில் கொடுத்தேன். எப்படிக் கிழிந்தது என்று கடைக்காரர் கேட்டார். குத்தினேன் என்றேன். கழுத்திலும் வயிற்றிலும் கறுப்புப் பட்டி ஒட்டிக் கொடுத்தார்.

அடுத்த கிழமை போனோம். வினாயகபுரம் தாண்டியதும் பனைகளுக்கு இடையே கடல் தெரியத் தொடங்கியது, நான் வேன் சீற்றுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். அறுகம்பையில் தோணிகளை இழுத்து வைத்திருக்கும் மூலையில் தண்ணீர் அமைதியாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரர்கள் தூரத்தில் அலையில் சறுக்குகிற பலகையோடு நின்றார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகளை அவர் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றார். நான் அபாயாவோடு இறங்கினேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன், கீழே வைக்க மறந்துவிட்டேன்.

முழங்கால் அளவில் ஒரு சின்ன அலை வந்து என்னை இடித்தது. சின்ன அலைதான். குழந்தை முட்டுகிற மாதிரி. எனக்குள் என்னவோ அறுந்தது. கையிலிருந்த செருப்பால் அதை ஓங்கி அடித்தேன்.

"என்ட உம்மாவ எங்கடி வெச்சிரிக்காய்?"

தண்ணீர் முகத்தில் தெறித்தது. திரும்பவும் அடித்தேன். "நாசமாப் போனவளே! ஒரு கபுறு குடுத்தியா? ஒரு விரலாவது திருப்பித் தந்தியா?" அடித்தேன், உதைத்தேன், துப்பினேன். அபாயா காலில் சுற்றி விழுந்தேன், எழும்பி அடித்தேன். தொண்டை கிழிந்தது. தோணியில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மகன் இதை விளையாட்டு என்று நினைத்துத் தன் செருப்பைக் கழற்றி ஓரத்து நுரையை அடிக்கத் தொடங்கினான்.

கை ஓய்ந்து, மூச்சு முட்டி, நான் நிறுத்தினேன். கரையில், தன் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கன்னம் எல்லாம் கண்ணீராக என் மகள் நின்றாள். அந்த இரண்டு கிழமையிலும் அவள் அழுதது அப்போதுதான். என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் உம்மா! இன்னும் கொஞ்சம்!"