அடுப்பில் பூசிய மலை

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஐப்பசி மழை. அன்று நானும் மகளும் படுத்துறங்கிய அறை இப்போது அங்கே இல்லை. அறை இருந்த இடத்தில் மானாப்புல் வளர்ந்திருக்கிறது.

நான் தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியை. நான் பிறந்த லயத்திலேயே, தொழிலாளர் அறைகளின் அந்த நீண்ட வரிசையில் கடைசி அறையில் குடியிருந்தோம். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு விஞ்ஞானம் படித்த மகள், ஏதோ போராட்டத்தால் அதை மூடிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்திருந்தாள். எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. திறந்தவுடன் பரீட்சை என்பது மட்டும் தெரியும்.

அவளுக்குப் பிடிபடாத பாடம் ஒன்று இருந்தது: மேற்பரப்புகளும் கூழ்களும். யாருக்காவது விளக்கிச் சொன்னால்தான் தனக்கு விளங்கும் என்பாள். அந்த யாராவது நான்தான். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்த நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். பால் ஒரு கூழ், காலையில் மலையை மூடும் பனிமூட்டம் ஒரு கூழ், அடுப்புப் புகையும் கூழ். கரையவும் செய்யாமல், அடியில் படியவும் செய்யாமல், ஒன்றுக்குள் இன்னொன்று மிதந்துகொண்டிருப்பது. பக்கத்து அறை அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டேயிருப்பார் போலும்.

"கூழ் காய்ச்சவா மகளே கெம்பஸுக்குப் போன? எங்கிட்ட கேட்டிருந்தா அடுப்படியிலயே சொல்லித் தந்திருப்பேனே!"

அந்த மழையில் எங்கள் பீலி கலங்கியது. மலையிலிருந்து ஊறிவரும் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடத்தைத்தான் பீலி என்போம். குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மழை நாளில் ஓடை கலங்குவது வழக்கம். பீலி கலங்கி நான் பார்த்ததில்லை. குடத்தில் பிடித்து வைத்தால் மறுநாளும் அப்படியே கலங்கிக் கிடந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது.

மகளுக்கு அது பரீட்சைக் கேள்வி போலத் தெரிந்தது. மண்ணின் மிகச் சிறிய துணிக்கைகள் எல்லாம் ஒரே வகையான மின்னேற்றம் கொண்டவை, அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், தள்ளுவதால் சேராது, சேராவிட்டால் கனத்து அடியில் படியாது. படிகாரம் அந்தத் தள்ளுதலைத் தணித்துவிடும் என்றாள். சவரம் செய்தபின் கன்னத்தில் தேய்க்கும் அதே கல். டவுனில் வாங்கிவந்து கரைத்து ஒரு குடத்தில் விட்டாள். சற்று நேரத்தில் தண்ணீருக்குள் பஞ்சு போலத் திரண்டு, மெல்ல இறங்கி, மேலே கண்ணாடி மாதிரி தெளிந்தது. நானும் குடத்தருகே குந்தியிருந்து பார்த்தேன். பாடம் முதன்முறையாக எனக்கும் விளங்கியது.

அந்த வாரத்துக்குள் முழு லயமும் படிகாரம் போட்டது. தெளிந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்ததும் வயிற்றோட்டம் நின்றது. நான் மறுபடி வாங்கப் போனபோது டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் சிரித்தார்.

"என்ன டீச்சர், முழுத் தோட்டத்துக்கும் ஒரே நாளுல சவரமா?"

மகள் இன்னொன்றும் செய்தாள். படிகாரம் போடாத தண்ணீரைக் கண்ணாடிப் போத்தல்களில் பிடித்து ஜன்னல் ஓரம் வைத்தாள். தானாகத் தெளிய எத்தனை நாளாகும் என்று பார்ப்பதற்காம். நாளாக நாளாகப் போத்தல்கள் கூடின.

அதற்குள் தீபாவளி நெருங்கியது. லயங்களில் சுவருக்கு வெள்ளையடித்து, அடுப்பை மெழுகிப் புதிதாக்கும் காலம். குடத்தின் அடியில் படிந்த சேறு முதலில் செம்மண்ணாக இருந்தது. போகப்போக வெளுத்து, அரைத்த மாவு போல வழவழவென்று வந்தது. பக்கத்து அறை அக்கா அதை வழித்துத் தன் அடுப்பில் பூசிப் பார்த்தார். காய்ந்ததும் வெடிப்பே இல்லாமல் வெள்ளைவெளேரென்று இருந்தது. பிறகு கேட்கவா வேண்டும்? படிகாரம் போட்ட வீடெல்லாம் சேற்றைச் சேர்த்து வைத்தது. நானும் பூசினேன். அவ்வளவு அழகான அடுப்பு எங்கள் லயத்தில் அதற்கு முன் இருந்ததில்லை.

பண்டிகைக்குச் சில நாட்கள் இருக்கும்போது மழை விட்டது. பளிச்சென்று வெயில். நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே, இந்தப் போத்தல்களை எடுத்து வெளியே கொட்டு என்றேன். அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கொட்டாமல் நின்றாள்.

"அம்மா, இந்த மொதப் போத்தல் தானாவே தெளிஞ்சிருச்சு. அடியில செம்மண்ணு. மழை விட்டப்புறம் புடிச்ச கடைசிப் போத்தலப் பாருங்க. பாலு மாதிரி அப்படியே நிக்குது."

"அதுக்கு என்ன?"

"ஓடை தெளிஞ்சு ஓடுது. மழையும் இல்ல. அப்புறம் பீலிக்கு இந்த மண்ணு எங்கேருந்து வருது?"

அவள் அடுப்பைக் காட்டி விளக்கினாள். மழை மேலிருந்து அரித்து வருவது செம்மண். வேரும் சருகும் கலந்திருக்கும். இந்த வெள்ளைக் களிமண் தேயிலைச் செடியின் வேர் போகும் ஆழத்திலும் கிடையாது. மலையின் உள்ளே எங்கோ ஆழத்திலிருந்து தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. உள்ளே கரைந்தால், மேலே இருப்பது எதன் மேல் நிற்கும்?

அன்று பின்னேரமே நாங்கள் இருவரும் தோட்டத் தலைவரிடம் போனோம். தொழிற்சங்கத்தின் தலைவர், அவர் சொன்னால் லயம் கேட்கும். பொறுமையாகத்தான் கேட்டார்.

"டீச்சரம்மா, படிகாரம் போட்டா சரியாப் போயிரும்னு சொன்னதும் நீங்கதான். சரியாத்தானே போச்சு? தண்ணி நல்லாத்தானே இருக்கு? தீபாவளி நேரத்துல எண்ணெச் சட்டிய எறக்கி வச்சுட்டு எங்கங்க போறது?"

எங்கள் குடங்களில் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒரு தகவல் அனுப்புவதாகத் தலைவர் சொன்னார். அனுப்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

மழை திரும்பி வந்தது. தீபாவளிக்கு முந்திய நாள் காலை, குடத்தோடு போன பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். பீலி நின்றுவிட்டது. அடைமழையில் ஓடை பொங்கி ஓட, பீலியில் ஒரு சொட்டு இல்லை.

அதுதான் லயத்தை நகர்த்தியது. மலை வரும் என்று யாரும் நம்பவில்லை. தண்ணீர் இல்லாமல் பலகாரம் சுட முடியாது என்பதை எல்லோரும் நம்பினார்கள். அடுத்த மலையில் இருந்த எங்கள் பாடசாலையில் மழைத்தண்ணீர்த் தாங்கி நிறைந்து கிடந்தது. அங்கேயே சமைக்கலாம், இரவு அங்கேயே படுக்கலாம் என்று நானும் மகளும் சொன்னபோது, வேறு வழியில்லாமல் சட்டி பானைகளோடு கிளம்பினார்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. தலைவரும் ஒரு மூட்டை விறகோடு வந்தார்.

மதியம் போல வகுப்பறைத் தாழ்வாரத்தில் அடுப்புகள் எரிந்தன. பாடசாலைப் பிள்ளைகளை எண்ணும் பழக்கத்தில் தலைகளை எண்ணிப் பார்த்தேன். பக்கத்து அறை அக்காவைக் காணவில்லை. உளுந்து அரைத்து முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று நின்றுவிட்டாராம். அடுத்து மகளைத் தேடினேன். அவளும் இல்லை.

அப்போது யாரோ கத்தினார்கள். எதிர்மலையைப் பார்த்தேன். பீலிக்கு மேலே தேயிலைச் செடிகள் நிரையாக, ஒன்றும் சாயாமல், நின்ற நிலையிலேயே இறங்கி வந்தன. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பீலியை மூடி, லயத்தின் எங்கள் பக்கத்து முனையை மூடி, கீழே பாதைவரை போய் நின்றது. அதன்பின் எவ்வளவு நேரம் கழிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கத்தினேனா என்பதும் தெரியாது. கத்தவில்லை, கையில் அகப்பையோடு நின்றேன் என்று பிறகு சொன்னார்கள்.

பாடசாலைக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையில் ஒரு சண்டைச் சத்தம் கேட்டது. முன்னால் மகள், மழையில் நனைந்து, இரண்டு கைகளாலும் ஒரு பேசினை அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் அக்கா, மூச்சிரைக்க.

"நில்லுடி! டீச்சர், ஒங்க மகளப் புடிங்க! எவ்வளவு சொன்னாலும் கேக்காம என் உளுந்து மாவத் தூக்கிட்டு ஓடியாந்துட்டா! கெம்பஸுல இதத்தான் படிச்சுக் குடுத்தாங்களா?"

வாங்க, வாங்க என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். மின்னேற்றம், களிமண் எல்லாம் சொல்லியிருக்கிறாள். அக்கா அசையவில்லை. கடைசியில் மாவுப் பேசினைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அக்கா விரட்டிக்கொண்டே வந்துவிட்டார். தாழ்வாரத்தில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதைக் கண்டபிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆட்களில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இரண்டு மாடுகளும், கோழிகளும் போயின. பின்னர் பதுளையிலிருந்து வந்த அதிகாரிகள், ஊற்று கலங்குவதும் திடீரென்று நிற்பதும் மலை நகர்வதற்கு அடையாளம் என்று விளக்கினார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், தப்பி நின்ற அறைகளில், வெள்ளை அடுப்புகள் அழகாகவே இருந்தன. மலை இறங்கிய அன்றே அக்கா அந்த மாவில் வடை சுட்டார். எல்லோரும் சாப்பிட்டோம்.

மகள் அந்தப் பாடத்தில் நல்ல புள்ளிகள் எடுத்தாள். இன்று வேறு ஊரில் வேலை செய்கிறாள்; மழை தொடங்கினால் நான் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் பக்கம் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்பேன். அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்வாள்.

கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும் வித்தையை அவளிடமிருந்து கற்றுக்கொண்டேன். ஆனாலும் ஐப்பசியில் தெளிந்த தண்ணீர் ஒரு டம்ளர் யாராவது கையில் கொடுத்தால், அடியில் படிந்ததை எங்கே கொட்டினார்கள் என்று கேட்காமல் இன்றுவரை என்னால் குடிக்க முடிவதில்லை.